முதலாண்டுக் கணக்கு: பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிவது

கரும்பலகை:
அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் பொறியியல் மாணவர்களுக்கு முதல் செமஸ்டர் கணக்குத் தாள் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’. இதில் தடுமாறும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், எங்கே சிக்குகிறது, எப்படி எடுக்கிறீர்கள் என்று எழுதுங்கள். நான் தொடங்குகிறேன்.

‘இன்டக்ரேஷன் வராது சார்’ என்று வருகிறவனின் தாளை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் தொகையிடல் சரியாக இருக்கும். எக்ஸ் வர்க்கத்தை −1 முதல் 2 வரை தொகையிடச் சொன்னால், 8/3 − (−1/3) வரை ஒழுங்காக வந்துவிடுவான். அடுத்த வரியில் 7/3 என்று இருக்கும். விடை 3. ஓட்டை குறி மாற்றத்தில் இருக்கிறது, பயமோ கால்குலஸ் மேல். அவனுக்கு மறுபடி தொகையிடல் பாடம் நடத்தினால் ஒரு மாதம் போகும், ஓட்டை அப்படியே இருக்கும்.

அதனால் முதல் வாரத்தில் 15 கேள்வி, 30 நிமிடம், கால்குலேட்டர் இல்லாமல் ஒரு சோதனை வைப்பது நல்லது. 3/4 − 5/6 எவ்வளவு, −3 − (−7) எவ்வளவு, 9 + 16-இன் வர்க்கமூலம், 2-இன் அடுக்கு −3, (எக்ஸ் + 3)-இன் வர்க்கம் என்ற அளவில் போதும். மதிப்பெண் போடாதீர்கள். குறி, பின்னம், அடுக்கு, அடைப்புக்குறி என்று நான்கு தலைப்பில் எந்தத் தவறு எதில் விழுகிறது என்று மட்டும் குறியுங்கள். வர்க்கமூலத்துக்கு 7 என்று எழுதுகிறவன் (எக்ஸ் + 3)-இன் வர்க்கத்துக்கு ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் 9’ என்றும் எழுதுவான். இரண்டும் ஒரே நோய்: கூட்டலுக்கு மேல் எதை வைத்தாலும் உள்ளே பிரித்துக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணம்.

சூத்திரத்தைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. எக்ஸ் = 1 என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 16, இன்னொரு பக்கம் 10. அவன் கையாலேயே அது உடைய வேண்டும். எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம் என்று தெரிந்த பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் நம் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிடும்.

நிரையும் நிரலும்:
கரும்பலகை சார் சொன்ன ‘தானே சரிபார்ப்பது’ அணிகளில்தான் நன்றாக வேலை செய்யும். அணியால் பெருக்கினால் தன் மடங்காகவே திரும்பி வரும் வெக்டர் ஐகன் வெக்டர், அந்த மடங்கு ஐகன் மதிப்பு. இந்தக் கணக்கில் வழக்கமாக வரும் ஓர் அணியை எடுத்துக்கொள்வோம். நிரைகள்: (8, −6, 2), (−6, 7, −4), (2, −4, 3). அணிக்கோவையை முழுதாக விரித்து முப்படிச் சமன்பாடு எடுக்கப் போகிறவர்கள் பாதி வழியில் குறியைத் தொலைக்கிறார்கள். மூன்று எண்ணை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். மூலைவிட்டக் கூடுதல் 8 + 7 + 3 = 18. மூலைவிட்டச் சிற்றணிக்கோவைகள் 20, 20, 5, கூடுதல் 45. அணிக்கோவை 0. இவைதான் அந்த முப்படிச் சமன்பாட்டின் கெழுக்கள், குறி மாறி மாறி வரும். தீர்த்தால் 0, 3, 15. கூட்டினால் 18 வருகிறதா, பெருக்கினால் 0 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி.

இங்கே மூன்று இடத்தில் பிள்ளைகள் பதறுவார்கள். ஐகன் மதிப்பு 0 என்று வந்ததும் தப்பு என்று முழுக்க அடித்துவிடுவார்கள். மதிப்பு 0 ஆகலாம், ஐகன் வெக்டர்தான் முழுதும் பூஜ்ஜியமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, 15-க்கு (2, −2, 1) என்று கண்டுபிடித்தவர், புத்தகத்தில் (−2, 2, −1) இருந்தால் தன் விடையை அழிக்கிறார். எந்த மடங்கும் சரிதான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அணியை வெக்டரால் பெருக்கினால் (30, −30, 15) வருகிறது, அது 15 மடங்கு, ஆகவே சரி. இந்தப் பெருக்கலுக்கு அரை நிமிடம் கூட ஆகாது, ஆனால் யாரும் செய்வதில்லை. மூன்றாவது கெய்லி-ஹாமில்டன் தேற்றம்: அந்தச் சமன்பாட்டில் மாறிக்குப் பதில் அணியையே போட்டாலும் பூஜ்ஜியம் வரும். சமன்பாட்டின் கடைசி மாறிலியை வெறும் எண்ணாக அணியோடு கூட்டுவார்கள். அதோடு அலகு அணியைப் பெருக்கியாக வேண்டும்.

இன்னொன்று, கால்குலேட்டர். −3-இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் −9 காட்டும். கருவி சொன்னதால் அதையே எழுதுவார்கள்.

பிளஸ் டூ வாசல்:
நான் சொல்ல வருவது மொழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் சிவில், மெக்கானிக்கல் தமிழ் வழியிலும் உண்டு என்றாலும், தமிழ் வழியில் படித்து வருகிறவர்களில் மிகப் பலர் சேர்வது ஆங்கில வழி வகுப்பில்தான். ‘ரேங்க்’ என்றதும் முழிக்கிற பிள்ளை பிளஸ் டூ முதல் பாடத்திலேயே அணியின் தரம் கண்டு வந்திருக்கிறது. ‘ஏறுபடி வடிவத்துக்குக் கொண்டுவந்து பூஜ்ஜியமற்ற நிரைகளை எண்ணு’ என்று ஒரு முறை சொன்னால் கை தானாக ஓடும். பகுதி வகைக்கெழுவும் அப்படித்தான், பிளஸ் டூ இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. தெரியாது என்று நாம் நினைப்பதில் பெரும் பங்கு, தெரிந்ததற்கு ஆங்கிலப் பெயர் தெரியாததுதான்.

ஒரு தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் பள்ளியில் படித்த சொல் என்று அந்தந்த அலகுக்கு 12 சொல் எழுத வையுங்கள். அச்சடித்துக் கொடுத்தால் படிக்க மாட்டார்கள், அவர்களே எழுத வேண்டும். அதைவிட முக்கியம் கேள்வியின் ஏவல் சொற்கள். ‘வெரிஃபை... ஹென்ஸ் ஃபைன்ட் தி இன்வர்ஸ்’ என்று கேட்டால், கெய்லி-ஹாமில்டன் தேற்றத்தைச் சரிபார்த்துவிட்டு நேர்மாறைச் சேர்ப்பு அணி வழியாகத் தனியே கண்டுபிடித்து வைப்பார்கள். விடை சரி, மதிப்பெண் போய்விடும். ‘ஹென்ஸ்’ என்றால் ‘இப்போது கிடைத்ததை வைத்தே’ என்று பொருள். வினாத்தாளில் அந்தச் சொல்லைப் பார்த்ததும் வட்டமிடப் பழக்குங்கள்.

லேட்டரல் பெஞ்ச்:
டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாமாண்டில் சேர்கிறவர்களை மறந்துவிடாதீர்கள். முதலாண்டுத் தாள்கள் இல்லாமலே பலர் ஃபூரியர் தொடர் (ஒரு சார்பை சைன், காஸ்களின் கூட்டலாக எழுதுவது) முன்னால் வந்து நிற்கிறார்கள். வேலைக் கைத்திறன் அதிகம் உள்ள பிள்ளைகள், கணக்கில் மட்டும் குனிந்து உட்காருவார்கள். அவர்களுக்கு முதல் வாரம் இரண்டே விஷயம். சைன் என்-பை (‘என்’ ஒரு முழு எண்) எப்போதும் 0. காஸ் என்-பை, என் ஒற்றை என்றால் −1, இரட்டை என்றால் +1. வட்டம் வரைந்து பேனா முனையால் அரைச் சுற்று அரைச் சுற்றாக நகர்த்தச் சொன்னால் மனப்பாடம் வேண்டாம். அடுத்து, சார்பு இரட்டையா ஒற்றையா என்று முதல் வரியிலேயே எழுதுவது. எக்ஸ் வர்க்கம் −பை முதல் பை வரை என்றால் இரட்டை, சைன் கெழுக்கள் எல்லாம் 0, பாதி வேலை மிச்சம். மீதிக்கு, பெருக்கலைத் தொகையிட உதவும் பெர்னோலி சூத்திரம். வகையிடும் நிரல், தொகையிடும் நிரல், குறி நிரல் என்று மூன்று நிரலாக எழுதினால் குறி தவறாது. காஸ் கெழு 4/என்-வர்க்கம், குறி மாறி மாறி.

மாலை வகுப்பு:
எல்லாம் சரி. வாயே திறக்காத பிள்ளையை என்ன செய்வது? ‘எங்கே புரியவில்லை’ என்றால் ‘எல்லாமே’ என்கிறது.

கரும்பலகை:
அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். எங்கே புரியவில்லை என்று சொல்லத் தெரிந்தால் பாதி புரிந்துவிட்டது என்று பொருள். ‘எந்த வரி வரைக்கும் உனக்கு நிச்சயம்?’ என்று கேளுங்கள், விரலால் தொட்டுக் காட்டினால் போதும். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். முதல் 10 நிமிடம் பேனா அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நாம் வாங்கி எழுதிவிட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள், வீட்டில் முதல் வரி கூட வராது.

‘இது ஈஸிதான்’ என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். ஈஸியானதே வரவில்லை என்றால் தான் எதற்கும் லாயக்கில்லை என்றுதான் அது காதில் விழும். ‘இந்த இடத்தில் நிறையப் பேருக்குக் குறி மாறும்’ என்று சொல்லுங்கள், அது உண்மையும் கூட. ‘சூப்பர்’ என்பதற்குப் பதில் ‘மூன்றாவது வரியில் நீயே பெருக்கிச் சரிபார்த்தாய் பார்’ என்று செய்ததைச் சொல்லுங்கள்.

பிழை நோட்டு ஒன்று வைக்கச் சொல்லலாம். இடப்பக்கம் தவறிய வரி, வலப்பக்கம் காரணம்: குறி, நகல் எடுத்த பிழை, சூத்திரம், கேள்வி புரியாதது. மூன்று நாள் கழித்து அதே கணக்கை விடை பார்க்காமல், அப்புறம் பத்து நாள் கழித்து ஒரு முறை.

நிரையும் நிரலும்:
அரியர் எழுதுகிறவர்களுக்கு ஒரு சேர்க்கை. மூன்று மணி நேரத் தாளில் 2 மதிப்பெண் கேள்வி 10-க்கு 25 நிமிடம், 16 மதிப்பெண் கேள்வி ஐந்துக்குத் தலா 28 நிமிடம் என்றால் 15 நிமிடம் மிஞ்சும். பயத்தில் முதல் பெரிய கேள்வியிலேயே 50 நிமிடம் உட்கார்ந்துவிடுகிறார்கள். 28 ஆனதும் பாதிப் பக்கம் இடம் விட்டு அடுத்ததற்குப் போகட்டும், எழுதிய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. இதை வாயால் சொன்னால் தேர்வறையில் நினைவுக்கு வராது. தேர்வுக்கு முன் இரண்டு சனிக்கிழமையாவது கடிகாரம் வைத்து முழுத் தாளும் எழுத வையுங்கள்.