கடலோர வீட்டுக்கு எர்த் கம்பி: காப்பரா, 8 கேஜ் ஜி.ஐ.யா?

கேள்வி (நாகை வீடு):
நாகப்பட்டினத்தில் அம்மா தனியாக இருக்கிறார். கடல் கூப்பிடு தூரம். போன வாரம் வாஷிங் மெஷினைத் தொட்டபோது சுரீரென்று ஷாக் அடித்திருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மீட்டர் போர்டிலிருந்து இறங்கும் எர்த் கம்பி 14 கேஜ் ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்புதான். கொல்லைச் சிமெண்ட் தரைக்குள் நுழையும் இடத்தில் துருவேறி இருந்தது. மெயினை அணைத்துவிட்டு அசைத்தேன், ஒடிந்தே வந்துவிட்டது. இனி எந்தக் கம்பி போடுவது, எப்படிக் காப்பது? எலக்ட்ரீஷியன் அதுவரை பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பதில் (பழைய ஒயர்மேன்):
சேர்க்கவே வேண்டாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் மெஷின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். எர்த் சரியாகும்வரை அம்மா அதைத் தொடக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.

14 கேஜ் கம்பி 2 மி.மீ. கனம், 8 கேஜ் 4 மி.மீ. அதாவது நாலு மடங்கு இரும்பு. உப்புக்காற்றில் துத்தநாகப் பூச்சு போன பிறகு தாக்குப்பிடிப்பது அந்தக் கனம்தான். எர்த் கம்பி போய்ச் சேரும் மண் குழியில் ஜி.ஐ. பைப் இருந்தால் கம்பியும் ஜி.ஐ.யாகவே இருக்கட்டும். காப்பரை அதில் முடுக்கினால் ஈரத்தில் பைப்பைத்தான் அரிக்கும். காப்பர்தான் வேண்டும் என்றால் ராடு, கிளாம்ப் எல்லாமே காப்பராகப் போடுங்கள்.

நான் பார்த்த வீடுகளில் எர்த் அறுந்தது பெரும்பாலும் இரண்டே இடங்களில்: கம்பி தரையைத் தொடும் இடம், குழிக்குள் கிளாம்ப். அதனால் மீட்டர் போர்டிலிருந்து குழித் தொட்டிவரை நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே கம்பியாக, பிவிசி பைப்புக்குள் இறக்குங்கள். சிமெண்ட் தரைக்குள்ளும் அந்தப் பைப் தொடரவேண்டும். கிளாம்ப் மண்ணில் புதையாமல் தொட்டிக்குள் கண்ணுக்குத் தெரியட்டும். போல்ட்டை இறுக்கியபின் மேலே கெட்டியாகக் கிரீஸ் பூசி, கழற்றக்கூடிய மூடி போடுங்கள். கோடையில் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்ற மறக்க வேண்டாம்.

பதில் (திருவாரூர்க்காரி):
காப்பர் என்றால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பின்சுவரில் வெறுமனே விட்டிருந்த காப்பர் கம்பியை ராத்திரியோடு ராத்திரியாக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு மாதம் எர்த் இல்லாமலே இருந்திருக்கிறோம், தெரியவே இல்லை. பிவிசி பைப் கட்டாயம்.

நாகை வீடு:
நன்றி ஐயா, நன்றி அக்கா. எர்த் சரியானால் கசிவு வந்ததும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும்தானே?

பழைய ஒயர்மேன்:
அதை நம்ப முடியாது தம்பி. குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வையுங்கள். 230ஐ 20ஆல் வகுத்தால் 11.5 ஆம்ப்தான் ஓடும். 16 ஆம்ப் எம்சிபி அசையாது. சின்னக் கசிவு வந்தாலே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்றை மெயினில் போட்டுவிடுங்கள். அதில் 'டெஸ்ட்' பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அம்மாவை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் உடனே மாற்றுங்கள்.