புதுப்பிப்பு: மாலையில் வைஃபை மந்தம், பட்டியலில் தெரியாத கருவி – தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 100 எம்பிபிஎஸ் பைபர் இணைப்பில் மாலையானால் போனில் 15 கூட வரவில்லை, ரவுட்டர் பட்டியலில் தெரியாத கருவி வேறு இருக்கிறது, 200 திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருந்தேன்.

மாற வேண்டியிருக்கவில்லை. "முதலில் மடிக்கணினியைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. இரவு எட்டு மணிக்கே 94 வந்தது. அப்படியென்றால் இணைப்பில் கோளாறில்லை, வைஃபையில்தான். எங்கள் அடுக்குமாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதினேழு வைஃபை பெயர்கள் தெரிந்தன, சந்தை இரைச்சல் மாதிரி. டிவியையும் போன்களையும் நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, இரும்பு அலமாரிக்குள் இருந்த ரவுட்டரை வெளியே வைத்தேன். இப்போது கூடத்தில் 80க்குக் குறைவதில்லை. சமையலறையில் 40தான், போதும்.

அந்தத் தெரியாத கருவி? என் மனைவியின் போன்! இப்போதைய போன்கள் உண்மையான மேக் முகவரியை (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) மறைத்து வேறொன்றைக் காட்டுமாம். பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டது தப்பு.

ஆனாலும் பயம் நல்லதற்குத்தான். ரவுட்டரின் அட்மின் கடவுச்சொல் வந்த நாளிலிருந்து 'அட்மின்' என்றே இருந்திருக்கிறது. அதை மாற்றி, வைஃபை கடவுச்சொல்லைத் தட்டாமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைய விடும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன்.

ஒரு எச்சரிக்கை: வைஃபை பாதுகாப்பு முறையைப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்ததும் வாசல் கேமரா இணைய மறுத்தது. பழைய டபிள்யூபிஏ2, புதிய 3 இரண்டும் கலந்த அமைப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.