லிஞ்சிங் என்ற சொல் எங்கிருந்து வந்தது?

கும்பகோணத்தான்: கும்பல் கொலையை ஆங்கிலத்தில் லிஞ்சிங் என்கிறார்களே, அது ஆள் பெயரா?

திருவாரூர்க்காரன்: ஆமாங்க. வர்ஜீனியாவில் சார்லஸ் லிஞ்ச் என்பவர் 1780 வாக்கில், அமெரிக்கப் புரட்சி நடக்கும்போது, பிரிட்டிஷ் ஆதரவாளர்களை முறையான நீதிமன்றம் இல்லாமலே விசாரித்துத் தண்டித்தார். வில்லியம் லிஞ்ச் என்று இன்னொருவரையும் சொல்வதுண்டு. கறுப்பின மக்களைக் கும்பல் கொல்வதற்கு அந்தச் சொல் நிலைத்தது உள்நாட்டுப் போருக்குப் பிறகுதான்.

நாகை வாசி: அப்போ 1968 கீழ்வெண்மணி? கூலித் தகராறில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்களே.

திருவாரூர்க்காரன்: நம்ம பக்கம் அதைப் படுகொலை என்றுதான் சொல்வோம். இப்போது நாட்டில் இருக்கும் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவிலும் லிஞ்சிங் என்ற சொல் கிடையாது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, இனம், மொழி மாதிரி காரணத்துக்காகக் கொன்றால் மரண தண்டனை அல்லது ஆயுள்.

கும்பகோணத்தான்: சரி, புரிந்தது.