41 வயதில் அதிக உதிரப்போக்கு: எனக்கு நடந்தது

எனக்கு இப்போது 42. இரண்டு வருடமாக மாதவிலக்கு பத்து நாள் வரை இழுத்தது. பெரிய நாப்கினே ஒரு மணி நேரம் தாங்காது, கட்டி கட்டியாகப் போகும். பஸ்ஸில் சீட் கிடைத்தாலும் உட்கார மாட்டேன். இறங்கியதும் மகளிடம் "பின்னாடி பாரு" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அம்மாவோ, "நிற்கப் போகிற வயசு, அப்படித்தான் கொட்டும்" என்றார். நானும் நம்பினேன். படியேறினால் மூச்சு வாங்கியதற்குக்கூட எடை கூடியதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் ரத்தம் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் 7.2. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் 3 செ.மீ. ஃபைப்ராய்டு கட்டி (புற்று அல்லாத தசைக்கட்டி). பார்த்த டாக்டர் ஐந்தே நிமிடத்தில், "குழந்தைங்க இருக்காங்கல்ல, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். தேதியும் குறித்தாயிற்று. என் நாத்தனார்தான் "இன்னொருத்தரையும் பார்த்துடலாம் அண்ணி" என்று விடாப்பிடியாகக் கூட்டிப்போனாள்.

அங்கே முதலில் தைராய்டு டெஸ்ட் எடுத்தார்கள். டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 14, ரொம்ப அதிகம்! தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் உதிரப்போக்கு கூடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கட்டி கர்ப்பப்பையின் வெளிப்பக்கம் இருப்பதால் இவ்வளவு போக்குக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு என்று டாக்டர் ஸ்கேன் படத்தில் விரல் வைத்துக் காட்டினார். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து டிரிப்ஸ், போக்கு அதிகமான நாட்களில் மட்டும் அதைக் குறைக்கும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை. அடங்காவிட்டால் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் காயில் வைக்கலாம் என்றார், தேவைப்படவில்லை. ஆறு மாதத்தில் ஹீமோகுளோபின் 11.4.

திருச்சியிலிருந்து ஒரு தோழி: என் அக்காவுக்கு 36 வயதில் கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பையில் கோளாறு எதுவும் இல்லை. அடுத்த மாதமே உடம்பெல்லாம் அனல், ராத்தூக்கம் போச்சு. இப்போது எலும்பு அடர்த்தியும் குறைந்திருக்கிறது. ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறவர்கள், "சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

சேலத்திலிருந்து ஒரு அக்கா: எனக்கு 47. மாத்திரையிலேயே சமாளிக்கலாம் என்றுதான் நானும் இருந்தேன். 45 தாண்டியதால் கர்ப்பப்பை உள்சவ்வில் சாம்பிள் எடுத்துப் பார்த்தார்கள். புற்றாக மாறக்கூடிய செல்கள் இருந்தன. எனக்குக் கர்ப்பப்பையை எடுத்ததுதான் சரி. காரணம் என்னவென்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள் கண்ணுகளா. அப்புறம், இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. நான் எலுமிச்சை ஜூஸோடு போடுகிறேன்.