புதுப்பிப்பு: கிரேஸ் கெல்லி ஓட்டிய நீலநிறக் கார்

ஹிட்ச்காக் இயக்கி 1955இல் வெளிவந்த 'டு கேட்ச் எ தீஃப்' படத்தில், பிரான்சின் தென்கரை மலைச்சாலையில் கிரேஸ் கெல்லி விரைந்து ஓட்டிச் செல்லும் நீலநிறத் திறந்த கார் எது என்று முன்பு கேட்டிருந்தேன். சன்பீம் ஆல்பைன் என்று வந்த விடை சரியே. ஆனால் 1962இல் வெளியான 'டாக்டர் நோ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டியதும் இதே கார்தான் என்று சிலர் சேர்த்துச் சொன்னது பொருந்தாது.

இரண்டும் பிரிட்டிஷ் கார் நிறுவனமான ரூட்ஸ் குழுமத்தின் தயாரிப்புகளே, பெயரும் ஒன்றே, வண்டிகள் வேறு. கெல்லி ஓட்டியது, 1953 முதல் 1955 வரை மட்டுமே தயாரான, சன்பீம்-டால்பட் 90 என்ற காரிலிருந்து உருவான, 2,267 சிசி எஞ்சின் கொண்ட இரு இருக்கை வண்டி. பாண்டினுடையது 1959இல் அறிமுகமான புதிய வடிவமைப்பின் இரண்டாம் வரிசை (சீரீஸ் 2, அதாவது இரண்டாம் பதிப்பு). அதன் எஞ்சின் 1,592 சிசி. பின்பக்கத்தைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்: பழையதன் வால்பகுதி நீண்டு வளைந்து தாழ்கிறது, புதியதிலோ மீன்துடுப்புப் போன்ற கூரிய விளிம்புகள் நிமிர்ந்து நிற்கின்றன. 1964இல் வந்த நான்காம் வரிசையில் அத்துடுப்புகளைக் குறைத்துவிட்டார்கள் (என் கண்ணுக்கு அழகும் அதோடு போயிற்று). கெல்லியின் முகத்தை நெருக்கத்தில் காட்டும் காட்சிகள் ஸ்டுடியோவில், சாலைக் காட்சி ஓடும் பின்திரைக்கு முன் எடுக்கப்பட்டவை என்பதால், வண்டியின் முழு உருவத்தைக் காணத் தொலைவுக் காட்சிகளிலேயே படத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும்.