சிட்னியில் என் மகள் எடுத்த டெக்ஸ்டைல்ஸ் பாடம்

ஹெச்.எஸ்.சி.க்கு, அதாவது இங்கே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்கு, டெக்ஸ்டைல்ஸ் அண்ட் டிசைன் (துணியும் வடிவமைப்பும்) பாடம் எடுக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக எங்கள் வீட்டு அனுபவத்தை எழுதுகிறேன். என் மகள் அதை எடுத்தபோது ஊரிலிருந்து வந்த முதல் கேள்வி, "தையல் கத்துக்கவா சிட்னிக்குப் போனீங்க?"

தையல் உண்டு. ஆனால் பிள்ளைகள் திணறுவது தையலில் அல்ல, 'ஏன்' என்று எழுதுவதில். மாநிலத் தேர்வு வாரியத்தின் மதிப்பீட்டில் 100-க்கு 50 மதிப்பெண் மேஜர் டெக்ஸ்டைல்ஸ் ப்ராஜெக்டுக்கு, அதாவது பிள்ளை தானே வடிவமைத்துச் செய்யும் பெரிய படைப்புக்கு. மீதி 50 ஒன்றரை மணி நேர எழுத்துத் தேர்வுக்கு. ப்ராஜெக்ட் ஆடையாக இருக்கலாம். நாடக உடை, வீட்டு அலங்காரத் துணி, சுவரில் மாட்டும் கலைப்பொருள் என்றும் போகலாம். எதைச் செய்தாலும் கூடவே விளக்கப் பக்கங்கள் தர வேண்டும். யோசனை எங்கிருந்து வந்தது, இந்தத் துணி ஏன், இந்த மடிப்பு ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்பார்கள்.

துணியின் இயல்புகள் தனிப் பாடம். நூலை இடுக்கியில் பிடித்து எரித்துப் பார்ப்பார்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகுவதுபோல் நாறும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அதைப் படித்த கையோடு, பட்டு என்று சொல்லி எனக்கு விற்ற ஒரு புடவையின் முந்தானை நூலை எரித்துக் காட்டினாள். கறுப்பு மணியாக உருண்டு நின்றது!

ஒரு குறிப்பிட்ட பண்பாட்டின் துணிக்கலையையும் படிக்க வேண்டும். அவள் மதுரைச் சுங்குடியைப் பிடித்துக்கொண்டாள். சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கி, பிறகு அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். இதையே ஒரு நீளமான பருத்தி மேலங்கியில் கொண்டுவருவது என்று முடிவு செய்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது சோதனை. கடைத் துணியில் கஞ்சியும் பூச்சும் இருக்கும், அலசிப் போக்காவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அதனால் முதல் வேலை துணியை வெந்நீரில் அலசுவது. ஒரு மாதிரித் துண்டைத் தைத்துவிட்டுச் சாயம் போட்டாள். துணி நல்ல நீலமானது, தையல் மட்டும் பளிச்சென்று வெள்ளையாகவே நின்றது. நூல் பாலியஸ்டர். அவள் போட்டது சோடா ஆஷ் என்ற காரத்தூள் சேர்த்துப் போடும் ரியாக்டிவ் சாயம்; அது பருத்தியில் ஒட்டும், பாலியஸ்டரில் ஒட்டாது. அடுத்த துண்டில் பருத்தி நூலைப் போட்டதும் தையல் நீலத்தோடு கலந்துவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெள்ளைத் தையலையே எடுத்துக்கொண்டாள்; புள்ளிகளோடு அது இழைந்து வந்தது. இரண்டு துண்டுகளையும் விளக்கப் பக்கத்தில் ஒட்டி, கீழே காரணத்தையும் எழுதினாள். எனக்கு அந்த மேலங்கியைவிட அந்தப் பக்கம்தான் பெரிதாகப் பட்டது.

பாட்டி வீடியோ காலில் முடிச்சுப் போடும் விதத்தைச் சொல்லித் தந்தார். ஆனால் நான் ஒரு முடிச்சுகூடப் போட்டுத் தரவில்லை. வேலை பிள்ளையுடையதுதான் என்று பள்ளி சான்று தர வேண்டும். வெளி உதவி இருந்தால் எழுதிவிட வேண்டும். இதில் கண்டிப்பாக இருப்பது நல்லது.

சரி, ஏடார் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான தரவரிசை எண்) கவலை எல்லோருக்கும் உண்டு. அதற்காகப் பாடங்களின் மதிப்பெண்களைச் சரிப்படுத்தும் ஸ்கேலிங்கில் இது உயர்கணிதம், வேதியியல் போல மேலே ஏறாது, உண்மைதான். பிள்ளைக்கு விருப்பம் இல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். விருப்பம் இருந்தால் அந்த ஒரு காரணத்துக்காகத் தடுக்காதீர்கள்.

துணிக்கும் சாயத்துக்கும் கைச்செலவு ஆகும். வீட்டில் சாதாரணத் தையல் மெஷின் இருந்தால் போதும், துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் பள்ளியில் இருக்கும். சிறந்த ப்ராஜெக்டுகளை ஷேப் என்ற ஹெச்.எஸ்.சி. மாணவர் படைப்புக் கண்காட்சியில் வைப்பார்கள், முடிவெடுக்கும் முன் பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். பத்தாம் வகுப்பில் பாடம் தேர்வு செய்யும்போதே பள்ளியில் விசாரியுங்கள்: போதிய பிள்ளைகள் சேராவிட்டால் இந்த வகுப்பையே நடத்த மாட்டார்கள்.