தக்காணம் ஆடாது என்றார்களே, சென்னை எப்படி மூன்றாம் மண்டலம் ஆனது?

செம்மண்_வீடு:
தாம்பரம் பக்கம் பழைய வீட்டை இடித்துவிட்டு இரண்டு மாடி கட்டப் போகிறோம். என்ஜினியர், "சென்னை மூன்றாம் மண்டலம், நிலநடுக்கத்துக்குத் தகுந்த மாதிரி கம்பி கட்டணும்" என்கிறார். ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பாவோ, "எங்கள் காலத்தில் இது இரண்டாம் மண்டலம். கீழே பழம்பாறை, ஆடாது. வீண் செலவு" என்கிறார். பூமி மாறவில்லையே, மண்டலம் மட்டும் ஏன் மாறியது?

கம்பி_கணக்கு:
சித்தப்பா சொல்வது அவர் படித்த பாடம். 1962-ல் ஐ.எஸ். 1893 (நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி) வந்தபோது பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஏழு மண்டலங்கள்; எண் கூடக் கூட ஆபத்து கூடும். முன்பு எங்கெங்கே நிலம் ஆடியது என்ற பதிவுகளை வைத்துத்தான் பிரித்தார்கள். தக்காணத்தில் பதிவு குறைவு. அதையே ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொண்டார்கள். பல நூறு வருஷத்துக்கு ஒருமுறை ஆடும் நிலத்தைப் பற்றி நூறு, இருநூறு வருஷக் குறிப்பு என்ன சொல்லிவிடும்?

1967 டிசம்பர் 11-ல் மகாராஷ்டிரத்தில் அணை உள்ள கொய்னா ஆடியது, ரிக்டரில் 6-க்கு மேல். அணையிலேயே விரிசல். 1970-ல் மண்டலங்களை ஒன்றிலிருந்து ஐந்து வரை என்று குறைத்தபோது கொய்னாவை நான்காம் மண்டலம் ஆக்கினார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்: அடிபட்ட இடத்துக்கு மட்டும் எண்ணை மாற்றினார்கள், அடியில் இருந்த நம்பிக்கையைத் தொடவில்லை. அதே மகாராஷ்டிரத்தில் கில்லாரி என்ற ஊர் முதலாம் மண்டலம், அதாவது இருப்பதிலேயே பாதுகாப்பானது. 1993 செப்டம்பர் 30 விடியற்காலை, மண்சாந்து வைத்துக் கட்டிய தடித்த கல் சுவர்களும் கனத்த மண்கூரைகளும் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. ஆயிரக்கணக்கானோர் போனார்கள். முதலாம் மண்டலத்தை நீக்க 2002 ஆனது. சென்னை மூன்றுக்கு வந்ததும் அந்தத் திருத்தத்தில்தான்.

ஏரிக்கரை:
கொய்னாவை இதில் சேர்க்கலாமா? அது அணையில் தேக்கிய நீர் தூண்டிய நடுக்கம் ஆயிற்றே.

கம்பி_கணக்கு:
தூண்டியது நீர்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும் பிளவு கீழே இல்லாவிட்டால் நீர் எதைத் தூண்டும்? 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஆடியதற்கு அணையும் இல்லை, ஏரியும் இல்லை. சென்னை வரை உணர்ந்தோம்.

செம்மண்_வீடு:
புரிகிறது சார். சைட்டில் நான் எதைப் பார்க்கணும்?

கம்பி_கணக்கு:
முதலில் பில்லர் ரிங்கை, அதாவது நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி வளையத்தைப் பாருங்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று முனையை 90 டிகிரியில் மடக்கி விட்டுவிடுவார்கள். மூன்றாம் மண்டலத்தில் கட்டாயமான ஐ.எஸ். 13920 என்ற கம்பி கட்டும் தரவிதி கேட்பது 135 டிகிரி. கொக்கி பில்லரின் நடுப்பக்கம் பார்த்து உள்ளே போகணும். ஆட்டத்தில் வெளி கான்கிரீட் உதிர்ந்தால் 90 டிகிரி ரிங் விரிந்துவிடும், அப்புறம் நெட்டுக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பீம் சேரும் இடத்துக்கு மேலும் கீழும் ரிங் நெருக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன்பே போய்விடுங்கள்.